வண்டி நிற்கும் இடம் வரை

சுற்றுலா பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டால் நாலு இடம் பார்க்கலாம் என்று கல்யாணம் பேசும்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடு டிரைவரின் மனைவி, சொன்னது யாரென்று விசாரித்தபோது இரண்டு வீட்டாரும் கையை விரித்துவிட்டார்கள். எங்கும் போக முடியவில்லை; முதலில் கைக்குழந்தை. அது நடக்கத் தொடங்கிய சமயம் பார்த்து மாமனார் படுக்கையில் விழுந்தார். அவர் போன பிறகு சும்மா இருப்பானேன் என்று ஒரு தையல் மிஷினை வாங்கிப்போட்டு ஜன்னல் திரை தைக்க ஆரம்பித்தாள். அந்த வேலை எதிர்பாராமல் பெருத்துவிட்டது. தெருவில் அவளுக்குத் திரைக்காரம்மா என்றே பெயர். ஊரில் பாதி ஜன்னல்களை அவள்தான் மூடியிருக்கிறாள். அவளுடைய மிஷினுக்கு எதிரே இருந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் இறங்கும் தண்ணீர்க் குழாயும் தெரியும்.

டிரைவர் ஓட்டியது மலை பஸ். காலையில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய் மலையில் விடுவார். அவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் இறக்கிக் கொண்டுவருவார். வருஷக்கணக்காக இதே வேலைதான். மலையில் பஸ் போகிற பாதை உச்சிவரை போகாது. உச்சிக்குக் கீழே சரிவான ஒரு மைதானத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து படி ஏறித்தான் போகவேண்டும். சரிவில் நிற்கிற வண்டியை விட்டு டிரைவர் நகரக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. எந்தக் காலத்திலோ எவனோ ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் போடாமல் வேடிக்கை பார்க்கப் போய்விட்டானாம். வண்டி தானாகக் கிளம்பிவிட்டதாம்.

ஆகவே டிரைவர் வண்டியோடு இருந்தார். சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். முன் கண்ணாடியைத் துடைப்பார். பிரேக் சூடு ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார், கண்ணை மூடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மேலே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. மலை எங்கே ஓடிப்போகப் போகிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது அப்படியே தள்ளிப்போய்விட்டது. அதற்கப்புறம், இத்தனை வருஷமாக வருகிறவன் இன்னும் பார்த்ததில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று கூச்சமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவள் தவறாமல் கேட்பாள்.

"இன்னைக்கு மேல எப்படி இருந்துச்சு?"

ஆரம்பத்தில் ஒருமுறை, "என்ன இருக்கும், டயர்தான் இருந்துச்சு" என்று உள்ளதைச் சொன்னார். அவள் முகம் விழுந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் கேட்டபோது, பஸ்ஸில் ஒரு பெண் பேசிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. "மேகமெல்லாம் நம்ம காலுக்குக் கீழ போகுது, போ" என்றார். அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "நிஜமாவா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்த மனுஷருக்கு வேறு வழி இல்லை.

அன்றிலிருந்து அவர் அளக்க ஆரம்பித்தார். சரக்கு பஞ்சமில்லாமல் கிடைத்தது. உச்சியிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வண்டி ஊர் சேரும்வரை வாய் ஓயமாட்டார்கள். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, காதையும் தீட்டி வைத்துக்கொள்வார். ஒரு வாண்டு மூன்று நீர்வீழ்ச்சி பார்த்தேன் என்றது. இவர் மூன்றையும் வாங்கிக்கொண்டார். யாரோ பருந்து முகத்துக்கு நேரே பறந்தது என்றார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் பருந்து பறந்தது. ஒருநாள் முன் இருக்கையில் வயதான ஒரு தம்பதி ஏறினார்கள். தூரத்தில் கோடு மாதிரி தெரிந்தது கடல் என்றார் கணவர். பனிமூட்டம் என்றாள் மனைவி. வழியெல்லாம் இதே சண்டை. டிரைவர் நன்றாக யோசித்து, கணவர் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கடல்தான் வினையாக முடிந்தது. திரைக்காரம்மா கடலைப் பார்த்ததே இல்லை. கடல் என்றதும் அவள் பிடித்துக்கொண்டாள். அளவெடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம், "எங்க வீட்டுக்காரர் தினம் கடலப் பார்த்துட்டுதான் வர்றார், மலை மேலேருந்து" என்று சொல்லி வைத்தாள். இவரும் சும்மா இருக்கவில்லை. காலையில் நீலம், மத்தியானம் தகரம் மாதிரி வெள்ளை என்று நிறம் சேர்த்தார். ஒருநாள் உற்சாகம் மிஞ்சிப்போய்க் கப்பல் ஒன்றையும் விட்டார். கப்பல் எந்தப் பக்கம் போச்சு என்று அவள் கேட்டபோதுதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று பட்டது. சாப்பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இப்படியே போய் அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தவரின் தலையில் மகள் கல்லைத் தூக்கிப் போட்டாள். வேறு ஊரிலிருந்து போன் செய்தாள். அப்பாவின் பழைய பஸ்ஸிலேயே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாளாம்.

"எதுக்கும்மா வீண் செலவு? நான் பார்க்காததா?"

"உங்களுக்கு யார் எடுத்தா? அம்மாவுக்கு எடுத்தேன். நீங்க துணைக்குப் போறீங்க."

டிரைவர் சாக்குத் தேடினார். முழங்கால் வலி என்றார். மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். இந்த மாதம் மேலே ஒரே மூட்டமாக இருக்கும் என்றார். மூட்டம் கலைகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம் என்றாள். கைவசம் இருந்த திரைகளையெல்லாம் தைத்து முடித்து, மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். அந்த உறை எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்கவே பாதி நாள் ஆயிற்று.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க" என்றாள், ரொட்டியையும் வேகவைத்த முட்டையையும் பையில் அடுக்கிக்கொண்டே. "கடல் தெரியுற இடத்துல என்னைக் கொஞ்ச நேரம் உக்கார வைங்க. அது போதும்."

அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. போகப்போவது கடல் ஒன்று மட்டுமில்லை. கடல் இல்லையென்றால் பருந்தும் இல்லை, மேகமும் இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் அவர் வாயிலிருந்து வந்த எதையும் அவள் இனி நம்பமாட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலதடவை வாயைத் திறந்தார். திறந்த வாயால் தண்ணீர் குடித்துவிட்டு மூடிக்கொண்டார்.

பஸ்ஸை இப்போது ஓட்டுகிறவன் இவரிடம் தொழில் கற்றவன். சின்னவன் என்று கூப்பிடுவார்கள். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, பேர் மட்டும் மாறவில்லை. "அண்ணி, வாங்க வாங்க, முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்று தடபுடல் செய்தான். திரைக்காரம்மா உட்கார்ந்த கையோடு பஸ்ஸின் ஜன்னல் திரையை இழுத்து மடிப்பைப் பார்த்தாள். "யார் தைச்சதுங்க இது? ஓரமே மடிக்கல" என்று முகத்தைச் சுளித்தாள். அதுதான் அவள் வழியில் பார்த்த ஒரே காட்சி. மலை ஏறத் தொடங்கி முதல் வளைவு வந்ததுமே அவளுக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தவள், வண்டி நிற்கும்வரை திறக்கவில்லை. டிரைவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டு வந்தார். அங்கே பிரேக் இல்லை என்பது காலுக்குப் புரியவில்லை.

மைதானத்தில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். டிரைவரும் இறங்கினார். இறங்கியவர் நேரே டிரைவர் கதவைத் திறந்து இருக்கைக்கு அடியிலிருந்த கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, துணியைத் தேடினார், கண்ணாடி துடைக்க.

"அண்ணே! நீங்க இன்னைக்குப் பாசஞ்சர்!" என்று சின்னவன் சிரித்தான்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று அவர் அசடு வழிந்தார்.

திரைக்காரம்மா பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் பையோடு வந்து நின்றாள். "போலாமா? எந்தப் பக்கம்?"

இந்த மைதானத்திலிருந்து டிரைவருக்குத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் கம்பீரமாக முன்னால் நடந்தார். மனைவி ஆவலாகப் பின்னால் வந்தாள். பாதை வளைந்து, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கழிப்பறை வாசலில் கொண்டுபோய் விட்டது.

"கிளம்பும்போதே போயிட்டு வந்துட்டேனேங்க" என்றாள் அவள்.

"எல்லாம் மாத்தி வச்சிருக்கான்" என்றார். தொட்டிமேல் பாசி படிந்திருந்தது. அதை மாற்றி வைத்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கூட்டம் போகிற பக்கம் பார்த்து இருவரும் படி ஏறினார்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றதும் டிரைவர் தான் எதற்குப் பயந்து வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று போய், கடைசியில் எல்லாம் இறங்கி, சமவெளி விரிந்து கிடந்தது. அதில் ஓர் ஆறு யாரோ அவிழ்த்துப் போட்ட நாடா மாதிரி போயிற்று. மேகங்களின் நிழல் வயல்கள்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. மூட்டம் மருந்துக்கும் இல்லை. இவ்வளவு இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. யாரோ சொல்லிக் கேட்டதில் இது இல்லை. இந்த அளவு அவர்கள் பேச்சில் வரவே இல்லை. இதை விட்டுவிட்டா நான் டயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துணி அளக்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு மறுபடி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள்.

"கடல் எங்க?"

"இன்னைக்குக் கொஞ்சம்... மூட்டம்" என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வேலி ஓரத்தில் ஒருவர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாடகைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"ஏங்க, இதுல பார்த்தா கடல் தெரியுமா?"

"கடலா?" அந்த ஆள் நல்லவர், முதலில் சிரிக்கவில்லை. "கடல் அந்தண்டப் பக்கம்மா. நமக்கு முதுகுப் பக்கம். இங்கேருந்து ராத்திரி பகலா போனாத்தான் போய்ச் சேரலாம். யார் சொன்னா உங்களுக்கு?"

"இவர்தான். இவர் இங்க தினம் வர்றவர். பஸ் டிரைவர்."

பைனாகுலர்க்காரர் டிரைவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் மலைல கடை போட்டதுலேருந்து இருக்கேன். இவர நான் பார்த்ததே இல்லையே. டிரைவருங்க யாரும் மேல வர மாட்டாங்களேம்மா, வண்டிகிட்டயே படுத்திருப்பாங்க" என்றார். சொன்ன பிறகுதான் எதையோ போட்டு உடைத்துவிட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

டிரைவர் திருதிருவென்று விழித்தார். அவள் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் சத்தம் போடவில்லை.

"நீர்வீழ்ச்சி?"

"மழைக்காலத்துல வரும்னு சொன்னாங்க."

"பருந்து?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கப்பல்..." என்று ஆரம்பித்தவள் அதற்குமேல் கேட்கவில்லை. "நீங்க ஒரு தடவ கூட இங்க ஏறினதில்ல."

"வண்டிய விட்டு வரக்கூடாதுன்னு..."

"நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "ஒவ்வொரு வீட்லயும்."

பையை அவர் கையில் திணித்தாள். வேலி முடிகிற இடத்தைத் தாண்டி மலை முதுகோடு ஓர் ஒற்றையடிப் பாதை போயிற்று. அதில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னாலேயே போகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரொட்டிப் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, நிறுத்தி இன்னொன்று. சின்னவனுக்கு அப்படி அடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். கூட்டம் படிகளில் இறங்கத் தொடங்கியது. டிரைவரின் கால்களும் அவரைக் கேட்காமலே படிப் பக்கம் திரும்பின. பாதி இறங்கியும் விட்டார். அங்கிருந்து பஸ்ஸின் கூரை தெரிந்தது. எல்லோரும் ஏறுகிறார்கள். போன் அடித்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? அண்ணி எங்க?"

"அவ வரல. கொஞ்சம் தள்ளிப் போயிருக்கா."

"நிக்கட்டுமா? ஆனா ரொம்ப நிக்க முடியாதுண்ணே, கத்துவாங்க. நீங்களாவது வந்து ஏறுங்க, வண்டியப் பார்த்துக்குங்க. நான் ஓடிப்போய் அண்ணியக் கூட்டிட்டு வர்றேன்."

அது நல்ல யோசனைதான். வண்டியைப் பார்த்துக்கொள்வது அவருக்கு வரும். அதைத்தான் இத்தனை காலம் செய்தார். அவர் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். மேலே, மனைவி போன பக்கம் பார்த்தார்.

"நீ கிளம்பு."

"அண்ணே, இதுக்கப்புறம் வேற கம்பெனி வண்டி ஒண்ணுதான் வரும். அதுல இடம் கிடைக்குமோ என்னமோ..."

"கிடைக்காட்டிப் பரவால்ல. நீ எடுறா வண்டிய" என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தார். பாசஞ்சரையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் தன்னை விட்டுவிட்டுக் கிளம்புவது அவருக்கு இதுதான் முதல் தடவை.

ஒற்றையடிப் பாதையின் கோடியில் அகலமான ஒரு பாறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். காற்றில் முடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. அழுதிருக்கிறாள். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"பஸ் போயிடப் போகுது. போங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

"போகச் சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, "சொன்னதுல எதுதான் நிஜம்?" என்று கேட்டாள்.

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். பூசி மெழுக ஒன்றும் மிச்சமில்லை. "எனக்கு ரோடுதான் தெரியும். ரோடப் பத்திச் சொல்லியிருந்தா எல்லாம் நிஜமா இருந்திருக்கும். நீ அதக் கேக்கல."

"ரோட்டுல கேக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் கீழே என்ஜின் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வேலி ஓரத்திலிருந்து தெரியாத ஒரு முகம் மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. செங்குத்தான பாறை. அந்தப் பாறையின் விலாவில் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டில் தீப்பெட்டி அளவுக்கு அவர்களுடைய பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் அடியில், வெகு ஆழத்தில், மரங்கள் புல் மாதிரி தெரிந்தன.

"அதுவா நாம வந்த ரோடு?"

"அதுதான்" என்றார். அவர் குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது. அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவருக்கு மனப்பாடம். முன் கண்ணாடிக்கு எதிரே எவ்வளவு தெரியுமோ அவ்வளவாகத்தான் அதைப் பார்த்திருக்கிறார். முழுசாக இப்போதுதான் பார்க்கிறார்.

பஸ் வளைவுக்கு வந்தது. மெதுவாக ஊர்ந்து, திரும்பாமல், ஓரத்தை நோக்கி நேராகப் போயிற்று. அதன் மூக்கு விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டது. "ஐயோ!" என்று அவள் எழுந்துவிட்டாள்.

"பயப்படாத. நீள வண்டி, அப்படித்தான் திருப்பணும். மூக்க வெளிய விட்டு ஒடிக்கணும். இல்லன்னா பின்பக்கம் பாறைல இடிக்கும்."

"முன்சக்கரம்?"

"சக்கரம் ரோட்டுலதான் இருக்கும். மூக்கு மட்டும்தான் வெளிய."

அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கு பள்ளத்தின்மேல் அரைவட்டம் போட்டு மெல்லத் திரும்பி ரோட்டுக்கு வந்தது.

"டிரைவர் சீட்டு?" என்றாள். "டிரைவர் சீட்டு சக்கரத்துக்கு முன்னாலதான இருந்துச்சு? ஏறும்போது பார்த்தேனே."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ திரும்பும்போது டிரைவருக்குக் கீழ என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"தினமுமா?"

"போகும்போதும் வரும்போதும்" என்றார். பாறையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஓட்டின காலமெல்லாம் வராத பயம், வண்டியே இல்லாமல் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

"இத ஒரு நாளாவது சொன்னீங்களா, பாவி மனுஷா? கப்பல் விட்டீங்களே, கப்பல்!"

"எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார்.

அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் கீழே பஸ் அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது. மூக்கு வெளியே நீண்டது. திரைக்காரம்மா சட்டென்று உட்கார்ந்து அவர் சட்டையை முதுகுப் பக்கமாகக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பஸ் திரும்பி, பாறை மறைவில் போய், சத்தமும் அடங்கிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.